ஆணியில் தொங்கிய சட்டை

மாத்தாலின் குரல் நல்ல குரல் என்று யாரும் சொன்னதில்லை. கோழி விரட்டுகிற குரல். அவள் வாசலில் நின்று பேசினால் ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்கும். ஆனால் எங்கள் யூலா கிராமத்தில் யாராவது பயந்து போய்ப் படுத்துவிட்டால் முதலில் அந்தக் குரலைத் தேடித்தான் வருவார்கள். டாக்டர் அப்புறம். டாக்டர் இருக்கிற ஊருக்கு வண்டி பிடிக்க வேண்டும், மழைக்காலத்தில் வண்டி மலையேறாது, எப்படியோ போய்ச் சேர்ந்தாலும் டாக்டர் விடுப்பில் போயிருப்பார். மாத்தால் எங்கும் போக மாட்டாள்.

விழுந்தவன் எழுந்து வந்துவிடுவான், உயிர் எழுந்து வராது. அதுதான் விஷயம். ஓடைக்கல்லில் வழுக்கினாலும் சரி, நாய் துரத்தினாலும் சரி, பயந்த உயிர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். உடம்பு மட்டும் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் தூங்காமல் கூரையை வெறித்துக்கொண்டு கிடக்கும். அப்போது ஒருத்தர் விழுந்த இடத்துக்குப் போய், விழுந்தவர் உடுத்திய துணியைத் தரையில் விரித்து, பச்சைக் கிளையால் மண்ணை அடித்து, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அப்புறம் துணியைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீடு வரை நடக்க வேண்டும். வழியில் கீழே வைக்கக் கூடாது. யாரோடும் பேசக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. வந்ததும் அந்த மண்ணோடும் வியர்வையோடும் அப்படியே ஆளுக்குப் போர்த்தினால் உயிர் தன் உடம்பைக் கண்டுபிடித்துக்கொள்ளும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஒரு முறை விழுந்து பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

மற்ற ஊர்களில் இதைச் செய்கிறவர்கள் கெஞ்சிக் கூப்பிடுவார்கள். மாத்தாலுக்குக் கெஞ்ச வராது. "ஏய், இங்க என்ன பண்ற? எந்திரி. மழை வருது. அம்மா கஞ்சி வச்சிருக்கா, ஆறிப்போகுது, வா!" என்று ஒரு அதட்டு அதட்டுவாள். எந்த உயிராக இருந்தாலும் எழுந்து வந்துவிடும். ஊரில் பாதிப் பிள்ளைகள் அவள் அதட்டிக் கூட்டி வந்த பிள்ளைகள்தான்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானாக வளரும் என்பார்கள். மாத்தால் விஷயத்தில் அது சுத்தப் பொய்.

அவளுக்கு ஒரே மகன், பாலாஸ். புருஷன் குடித்தே போய்ச் சேர்ந்த பிறகு அவனை வைத்துக்கொண்டுதான் மலைச் சரிவில் சோளம் போட்டாள். பையன் சாப்பாட்டு ராமன். சூடான சோள ரொட்டியை அடுப்புக் கல்லிலிருந்தே திருடித் தின்று நாக்கைச் சுட்டுக்கொள்வான். அம்மா உயிர் கூப்பிடுவதை அச்சு அசலாக நடித்துக் காட்டி ஊரைச் சிரிக்க வைப்பான். மிக்கினைக் கட்டிக்கொண்டான். அடுத்த மழையில் மலை சரிந்து சோளக்காட்டில் பாதி ஓடைக்குப் போனது. அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும், எங்கள் மலையில் எல்லாக் கதையும் கடைசியில் வடக்கேதான் போகிறது. கூட்டாளி லோலெனோடு சேர்ந்து, எல்லை தாண்டி டாலர் சம்பாதிக்க அவனும் கிளம்பினான்.

கிளம்புகிற அன்றைக்குக் காலையிலும் காட்டில் களை வெட்டிவிட்டு வந்து, வியர்வைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனான். நீலக் கட்டம் போட்ட பழைய சட்டை. காலர் ஓரம் கறுத்திருக்கும். நெஞ்சில் ஒரு பொத்தான் கிடையாது. பயணம் போனவன் போய்ச் சேர்ந்த சேதி வருகிற வரைக்கும் அவன் துணியைத் துவைக்கக் கூடாது என்பது எங்கள் பழக்கம். துவைத்தால் வழி அழிந்துவிடும். சேதி வரட்டும், துவைக்கலாம் என்று மாத்தால் விட்டுவைத்தாள்.

சேதி வரவில்லை. லோலென்தான் வந்தான், தனியாக. அங்கே எல்லைப் போலீஸ்காரர்கள் பிடித்து விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கூட்டிப்போன தரகன் பாலைவனத்தில் இவர்களை விட்டுவிட்டு ஓடிவிட்டானாம். தண்ணீர் தீர்ந்து போய் நடந்தார்களாம். தூரத்தில் உயரமான கம்பத்தில் நீலக் கொடி தெரிந்ததாம். நீலக் கொடி என்றால் யாரோ புண்ணியவான்கள் தண்ணீர்ப் பீப்பாய் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பாலாஸ் அதுவரைக்கும் தவழ்ந்தே போய்விட்டான். பீப்பாயில் எவனோ கத்தியால் ஓட்டை போட்டிருந்தான். சொட்டுத் தண்ணீர் இல்லை.

"பீப்பால சாஞ்சு உட்கார்ந்தான் பெரியம்மா. நீ போய்த் தண்ணி கொண்டா, நான் இங்கயே இருக்கேன்னான். நான் போனேன். என்னைப் புடிச்சுட்டாங்க. அங்க ஒருத்தன் இருக்கான், ஒருத்தன் இருக்கான்னு கத்தினேன். அவங்களுக்குப் புரியல."

அன்றிலிருந்து லோலென் குடிக்கிறான். மிக்கின் அவன் சொன்னதில் ஒரு வார்த்தையை நம்பவில்லை.

"அவரு செத்ததக் கண்ணால பார்த்தியா?"

"பார்க்கல."

"அப்ப மூடு வாய. அங்க எவளையோ சேர்த்துக்கிட்டு சுகமா இருப்பாரு. எனக்குத் தெரியும்."

புருஷன் இன்னொருத்தியோடு இருக்கிறான் என்று நம்பி நிம்மதியாக இருக்கிற பெண்ணிடம் என்ன பேச முடியும்? ஆனால் பெற்ற வயிற்றுக்குத் தெரியும். மகன் அந்த ஓட்டைப் பீப்பாயில் சாய்ந்து, நான் இங்கயே இருக்கேன் என்று சொன்ன வாக்குப்படி, இன்னும் உட்கார்ந்திருக்கிறான். கல்லறைத் திருநாள் வந்தால் ஊரில் எல்லார் வீட்டு இறந்தவர்களும் வந்து சாப்பிட்டுப் போவார்கள். கல்லறை மேல் சாப்பாடு வைத்து, மரக்கட்டைகளைக் குச்சியால் தட்டி மரிம்பா வாசித்து, அழுது சிரித்து அனுப்பி வைப்பார்கள். பாலாஸால் வர முடியாது. கூப்பிடப் போக ஆள் இல்லை. ஊருக்கெல்லாம் உயிர் கூப்பிட்டவள், தன் மகனைக் கூப்பிட அந்த எல்லையைத் தாண்ட முடியாமல், ஆணியில் தொங்குகிற சட்டையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சாப்பாட்டு ராமன் பசியோடு உட்கார்ந்திருக்கிறானே என்று நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

இப்படி வருஷங்கள் போன பிறகுதான் அந்த வெள்ளைக்காரப் பெண் வந்தாள்.

பேர் ரூத். தன்னைவிடப் பெரிய மூட்டையை முதுகில் சுமந்துகொண்டு, தன்னந்தனியாக, கீழ்ச் சாலையிலிருந்து நடந்தே வந்தாள். புருஷன் இல்லை, கூட்டாளி இல்லை, வழிகாட்டி இல்லை. ஓடைக்கரையில் சோளம் அலசிக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பிளந்தார்கள்.

"தனியா வர்ற பொம்பளை ஒண்ணு கன்னியாஸ்திரீ, இல்லன்னா பிள்ளை புடிக்கிறவ" என்றாள் ஒருத்தி.

"கன்னியாஸ்திரீ கால்சட்டை போட மாட்டா" என்றாள் இன்னொருத்தி. "உன் கடைக்குட்டிய ஒளிச்சு வை."

"அவனைப் புடிச்சுட்டுப் போனா நான் கோழி அடிச்சு விருந்து வைக்கிறேன்!"

சிரிப்பு அடங்குவதற்குள் ரூத் பாசிக் கல்லில் கால் வைத்து வழுக்கி, மூட்டையோடு ஓடையில் விழுந்தாள். ஆழம் இல்லை. ஆனால் மூட்டை அவளைக் குப்புற அழுத்திவிட்டது. மாத்தாலும் மிக்கினும்தான் இழுத்துப் போட்டார்கள். எழுந்தவள் நடுங்கினாள். வீட்டுக்குக் கூட்டி வந்து, துணி மாற்றி, அடுப்போரம் உட்கார வைத்து, சூடாகக் காப்பி கொடுத்த பிறகும் நடுக்கம் நிற்கவில்லை. ராத்திரி சாப்பிடவில்லை. காலையிலும் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"ஆளு இங்க இல்ல" என்றாள் மாத்தால்.

"வெள்ளைக்காரங்களுக்குமா அத்தை உயிரு தங்கிப்போகும்?"

"ஏன், அவளுக்கு மட்டும் உயிருக்குப் பதிலா பெட்ரோலா ஓடுது?"

ரூத் விழுந்தபோது போட்டிருந்த கம்பளிச் சட்டையை எடுத்துக்கொண்டு மாத்தால் ஓடைக்குப் போனாள். கல்லருகே விரித்தாள். கிளையால் அடித்தாள். "ரூத்! இங்க என்ன பண்ற? எந்திரி! உங்கம்மா தேடுவா!" அந்த அதட்டலில் பெண்கள் சோளக் கூடையை விட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். திரும்பி வந்து, சேறும் ஈரமுமாக அப்படியே அந்தக் கம்பளிச் சட்டையை அவளுக்கு மாட்டிவிட்டாள். ரூத் முகம் சுளித்தாள். பிறகு அழுதாள். பிறகு தூங்கினாள். எழுந்து, சுட்டுப் போட்ட ரொட்டியை எல்லாம் கறுப்பு பீன்ஸோடு தின்று தீர்த்தாள். உயிர் வந்ததா, பசி வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். மத்தியானம் தொட்டியடியில் நின்று அந்தக் கம்பளிச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். உயிர்தான் உள்ளே போய்விட்டதே, இனித் துவைத்தால் என்ன என்று மாத்தாலும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மிக்கினுக்குப் பள்ளிக்கூட ஸ்பானிஷ் உண்டு. ரூத்துக்கும் ஸ்பானிஷ் தெரியும். மாத்தாலுக்கு எங்கள் பேச்சைத் தவிர எதுவும் தெரியாது. மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, மிக்கின் வாய் வழியாகப் பேசிக்கொண்டார்கள். ஏன் தனியாக வந்தாய் என்று கேட்டதற்கு ரூத் சரியாகப் பதில் சொல்லவில்லை. நீங்கள் இருக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது என்றாள். மிக்கின் உதட்டைப் பிதுக்கினாள். பார்க்க என்ன இருக்கிறது இங்கே, மூடுபனியும் சேறும்தானே.

அந்த நேரம் பார்த்து லோலென் வந்தான். வெள்ளைக்காரியிடம் சிகரெட் கேட்டுப் பார்க்கலாம் என்று வந்தவன்.

"வாங்க துரை. இன்னிக்கு நேரா நிக்கிறீங்களே, காசு தீர்ந்துடுச்சா?" என்றாள் மிக்கின்.

லோலென் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரூத் தன் ஊர்ப் படங்களைத் தொலைபேசியில் காட்டிக்கொண்டிருந்தாள். வீடு, நாய், அம்மா, முள்செடிகள். ஒரு படத்தில் லோலெனின் விரல் நின்றது. உயரமான கம்பம். நீலக் கொடி. கீழே நீலப் பீப்பாய், அதில் மாதா படம் வரைந்திருந்தது. பின்னால் இரட்டைத் திமில் போல ஒரு குன்று.

லோலென் படத்தின் மேல் குனிந்தான். "இதுதான்" என்றான். "பெரியம்மா, இதுதான் அது. அந்த மாதா. அந்தக் குன்று."

அப்புறம்தான் ரூத் ஏன் வந்தாள் என்பது தெரிந்தது. அவள் ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பாலைவனத்துக்குப் போய் அந்தப் பீப்பாய்களில் தண்ணீர் ஊற்றுகிறவர்களாம். போகிற வழியில் செருப்புகளையும் பைகளையும் பார்ப்பார்களாம். இந்தச் செருப்பெல்லாம் எங்கிருந்து நடந்து வருகிறது என்று பார்க்கத்தான் அவள் புறப்பட்டாளாம். அந்த மாதா பீப்பாயை எவனோ கத்தியால் குத்தியதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு அடுத்த வாரம் அதே மாதாவை வரைந்து வேறு பீப்பாய் மாற்றி வைத்தவர்களில் அவளும் ஒருத்தி. யாரையும் அங்கே பார்க்கவில்லை என்றாள். பக்கத்தில் ஒரு பள்ளம் இருந்தது, அதில் தேடவில்லை என்றாள். சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மாத்தால் அழவில்லை. எழுந்து போய் ஆணியிலிருந்து சட்டையை எடுத்து வந்தாள்.

"இவளக் கேளு" என்றாள் மிக்கினிடம். "இதக் கொண்டுபோய் அந்த எடத்துல விரிச்சு, என் பிள்ளையக் கூப்பிட்டு அனுப்புவாளான்னு கேளு."

மிக்கின் குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"ஏண்டி, காது அடைச்சுடுச்சா? கேளு."

"நான் கேக்க மாட்டேன்."

"மிக்கின்!"

"கேக்க மாட்டேன் அத்தை! அவரு அங்க இல்ல. எவகூடயோ இருக்காரு. இருக்கற ஆள எதுக்குக் கூப்பிடணும்?" சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு மட்டும்தான் பிள்ளையா? எனக்கு அவரு புருஷன் இல்லையா? இதுல மட்டும்தான் அவரு வாசனை இருக்கு. நீங்க காட்டுக்குப் போனப்புறம் நான் இதுல மூஞ்சியப் பொத்திக்கிட்டுத்தான் இருக்கேன், தெரியுமா உங்களுக்கு? இதையும் தூக்கிக் குடுத்துட்டா நமக்கு என்ன மிச்சம்?"

மாத்தாலுக்குத் தெரியும். அவளும் மிக்கின் தண்ணீருக்குப் போன பிறகு அதையேதான் செய்துகொண்டிருந்தாள். ஒரே சட்டையை ரெண்டு பேரும் மாறி மாறி, ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி.

"வாசனைய வச்சுக்கிட்டு என்னடி பண்றது?" என்றாள். குரல் முதல் முறையாகத் தாழ்ந்திருந்தது. "ஆளு அங்க தாகத்தோட உட்கார்ந்திருக்கானே. நாம இங்க அவன் வேர்வைய மோந்து மோந்து ஆறுதல் பட்டுக்கிட்டு இருக்கோம். அவன் எப்ப ஆறுதல் படறது?"

மிக்கின் சட்டையை விட்டாள். விட்டதும் தாங்காமல் ஓ என்று அழுதாள். புருஷன் செத்துவிட்டான் என்று அவள் அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டாள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, ரூத்திடம் திரும்பி, ஸ்பானிஷில் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

ரூத் சரி என்றாள். மாத்தாலின் கையைப் பிடித்துக்கொண்டு சரி சரி என்று பல தடவை சொன்னாள்.

அடுத்து வந்த நாட்களில் வீட்டுப் பின்புறம் ஒரே கூத்து. மாத்தால் கிளையும் கையுமாக நின்று பாடம் நடத்தினாள். ரூத் "பாலாஸ்! இங்க என்ன பண்ற?" என்று மெல்லிய குரலில் கேட்பாள். "இப்படிக் கேட்டா பக்கத்து வீட்டுப் பூனைகூட வராது. அதட்டு!" என்பாள் மாத்தால். ரூத் அதட்டினாள், கோழிகள் வேலி தாண்டி ஓடின. மிக்கின்கூடச் சிரித்தாள். எங்கள் பேச்சு அந்தப் பெண்ணின் வாயில் உருண்டு புரண்டு வெளியே வந்தது, ஆனாலும் பாலாஸுக்குப் புரியும் என்று மாத்தால் சொல்லிவிட்டாள்.

எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். காலை நேரமாகப் பார்த்துப் போ. பீப்பாயடியில் விரி. பச்சைக் கிளைதான் வேண்டும். கூப்பிட்ட பிறகு சுருட்டி நெஞ்சோடு வை. கீழே வைக்காதே. திரும்பிப் பார்க்காதே. பேசாதே.

"அங்கேருந்து இங்க வர்ற வரைக்கும் பேசாம இருக்க முடியுமா? அவளுக்கு வேலை இருக்காம். திரும்ப வர முடியாதாம், பார்சல்லதான் அனுப்புவாளாம்" என்றான் லோலென்.

மாத்தால் யோசித்தாள். "பொட்டியில வச்சு நல்லா மூடட்டும். மூடிட்டா வழி தப்பாது. நடுவுல எங்கயும் பிரிக்கப்படாது."

"பொட்டிக்குள்ள மூச்சு முட்டாதா அவனுக்கு?"

"லாரியில மூட்டைக்கு அடியில படுத்துப் போனவன்தானே. பொட்டியில படுத்து வரட்டும்."

சட்டை வந்ததும் அப்பன் பக்கத்தில் குழி வெட்டி அதைப் புதைப்பது என்று முடிவானது. அதற்கப்புறம் பாலாஸுக்கும் ஒரு இடம் இருக்கும். கல்லறைத் திருநாளுக்கு எல்லாரையும் போல வந்து சாப்பிட்டுப் போவான். மாத்தாலுக்கு வேண்டியது அவ்வளவுதான். மகன் திரும்பி வர வேண்டும் என்றுகூட அவள் கேட்கவில்லை. வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்றுதான் கேட்டாள்.

ரூத் போகிற அன்று மாத்தால் சட்டையில் ஒரு தடவை முகத்தைப் புதைத்தாள். மிக்கினிடம் கொடுத்தாள். அவளும் புதைத்தாள். பிறகு அதைச் சோள உமி அடைத்த பைக்குள் வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். ஆணி வெறுமையாக நின்றது.

மழை விட்டு, சோளம் முற்றத் தொடங்கியபோது, சிக்னல் கிடைக்கிற மேட்டில் மிக்கினின் தொலைபேசி ஓர் ஒலி எழுப்பியது. ரூத் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அசைகிற படம். மாத்தாலும் மிக்கினும் லோலெனும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். வெயில். வெள்ளை மண். மாதா படம் போட்ட பீப்பாய். நீலக் கட்டம் போட்ட சட்டை தரையில் கிடந்தது. ரூத் ஒரு முள்செடிக் கிளையால் மண்ணை அடித்தாள். "பாலாஸ்! இங்க என்ன பண்ற? எந்திரி! அம்மா கஞ்சி வச்சிருக்கா, ஆறிப்போகுது, வா!" அதட்டிவிட்டு, பாட்டிலைத் திறந்து சட்டைக்குப் பக்கத்தில் மண்ணில் தண்ணீர் ஊற்றினாள். மண் உறிஞ்சியது. இன்னும் ஊற்றினாள். பிறகு சட்டையைச் சுருட்டி நெஞ்சோடு சேர்த்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

"தண்ணி குடுத்தா பாருடி!" மாத்தால் மிக்கினின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நான் சொல்லவே இல்ல. தானா குடுத்தா. அவ நல்லா இருக்கணும், அவ வயிறு குளிரணும்!" மேட்டிலேயே உட்கார்ந்து சிரித்தாள். பிள்ளை போன நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்க்கவில்லை. லோலென் அன்றிலிருந்து குடியை நிறுத்தினான்.

பிறகு என்ன, கல்யாண வீடு போல ஆகிவிட்டது. தச்சனிடம் சொல்லி ஒரு சின்னப் பெட்டி செய்தார்கள். வான்கோழி வாங்கிக் கட்டினார்கள். மரிம்பாக்காரர்களுக்குச் சொல்லி வைத்தார்கள். லோலென் தானே குழி வெட்டினான், யாரையும் மண்வெட்டி தொட விடவில்லை. மாத்தால் வாசலிலிருந்து சாலை வரைக்கும் தினமும் கூட்டினாள், வழி தெரியாமல் போய்விடக் கூடாதே என்று.

கல்லறைத் திருநாளுக்கு முந்தைய வாரம் பார்சல் கீழ் ஊருக்கு வந்து சேர்ந்தது. மாத்தாலே போய் வாங்கினாள். அட்டைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வண்டியில் நின்றபடியே வந்தாள். வழியில் தெரிந்தவர்கள் கூப்பிட்டார்கள். பதில் சொல்லவில்லை. மேடு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டபோதும் கையை எடுத்து எதையும் பிடிக்கவில்லை. வீட்டு வாசலில் சாம்பிராணி புகைந்தது. மரிம்பாக்காரர்கள் வேலியோரம் உட்கார்ந்திருந்தார்கள். லோலென் குளித்து, தலை வாரி, வாசலுக்கு வெளியே நின்றான். உள்ளே வரத் தைரியம் இல்லை அவனுக்கு.

உள்ளே மாத்தாலும் மிக்கினும் மட்டும். கதவைச் சாத்திக்கொண்டார்கள். மிக்கின் கத்தியால் ஒட்டுத்தாளை அறுத்தாள். பெட்டி திறந்தது.

பூ வாசனை அடித்தது. பூ என்றால் நிஜப் பூ இல்லை. சோப்புப் பூ.

வெள்ளைத் தாளில் சுற்றி, இஸ்திரி போட்டு, கைகளை மடக்கி, கடையில் வாங்கினது போல இருந்தது சட்டை. காலர் ஓரத்துக் கறுப்பு போய்விட்டிருந்தது. நெஞ்சில் பொத்தான் இல்லாத இடத்தில் ஒரு புதுப் பொத்தான் பளபளத்தது.

"எவ்வளவு அழகா துவைச்சு அனுப்பியிருக்கா பாருங்க அத்தை" என்றாள் மிக்கின். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது.

மாத்தால் சட்டையை எடுத்து முகத்தில் வைத்தாள். காலரில் பார்த்தாள். கக்கத்தில் பார்த்தாள். திருப்பிப் போட்டுத் தையலுக்குள் மூக்கை வைத்துத் தேடினாள். பாலைவனத்து மண் ஒரு பொடி இல்லை. மகனின் வியர்வை ஒரு சொட்டு இல்லை. உயிர் எதைப் பிடித்துக்கொண்டு வரும்?

எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். துவைக்காதே என்று மட்டும் சொல்லவில்லை. எப்படித் தோன்றும்? எங்களில் யாருக்குமே தோன்றாது. வருகிற வழியில் மூச்சு விடு என்று யாராவது சொல்லி அனுப்புவார்களா? சேற்றோடு போட்டுவிட்டதை அந்தப் பெண் தன் உடம்பிலேயே பார்த்தாளே. பிறகு அவள் அதைத் துவைத்ததை மாத்தாலும் பார்த்தாளே.

"சண்டாளி" என்றாள் மிக்கின், பல்லைக் கடித்துக்கொண்டு.

"திட்டாத." மாத்தால் சட்டையை மடியில் போட்டுத் தடவினாள். "பெத்தவளுக்கு அழுக்கா அனுப்பக் கூடாதுன்னு நெனச்சிருக்கா. பொத்தான் தச்சிருக்கா பாரு. நல்ல பொண்ணுடி அவ."

வெளியே லோலெனின் குரல் கேட்டது. "பெரியம்மா, வந்துட்டானா?"

ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாத்தால் எழுந்து கதவைத் திறந்தாள். வேலியோரம் மரிம்பாக்காரர்கள் குச்சிகளோடு காத்திருந்தார்கள். லோலென் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றான்.

"வந்துட்டான்டா" என்றாள். "உன் மேல கோவம் இல்லன்னு சொல்லச் சொன்னான்."

லோலென் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை போல வாய் விட்டு அழுதான். மரிம்பா ஆரம்பித்தது. சட்டையைப் பெட்டியில் வைத்து, ஊரே சேர்ந்து தூக்கிப்போய், அப்பன் பக்கத்தில் புதைத்தார்கள். வான்கோழிக் குழம்பு போதவில்லை, அவ்வளவு கூட்டம். மாத்தால் எல்லாருக்கும் தன் கையால் பரிமாறினாள். நல்லபடியா முடிஞ்சுது என்று எல்லாரும் சொன்னார்கள். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

எல்லாரும் போன பிறகு மிக்கின் பாத்திரம் கழுவ உட்கார்ந்தாள். மாத்தால் அடுப்பு முன்னால் உட்கார்ந்து வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்க அத்தை" என்றாள் மிக்கின். "அவரு அங்கயே, அந்தப் பீப்பா பக்கத்துலயே இருப்பாரு. வேற யாராவது வருவாங்க. இன்னொரு தடவ கூப்பிடச் சொல்லுவோம்."

"அங்க இல்லடி."

"ஏன்?"

"அவ கூப்பிட்டதுல ஒரு தப்பும் இல்ல. நான் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டா. தண்ணி வேற குடுத்தா. அம்மாதான் கூப்பிடறான்னு எந்திரிச்சிருப்பான். சட்டையப் புடிச்சுக்கிட்டு அவ வீடு வரைக்கும் வந்திருப்பான். அங்க தண்ணியில போட்டு அலசினதும் பிடி விட்டுப் போயிருக்கும்." மாத்தால் ஆணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியாத ஊரு, தெரியாத பாஷை. யாரு வீட்டு வாசல்ல நிக்கிறானோ. முன்னாடியாவது அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்டி. பாவி, நானே எழுப்பி விட்டுட்டேனே."